களவில்லை, நோட்டீஸ்

போன கிழமை ஹோடான் ரெலிபோன் எடுத்தாள். நான் பென்சன் எடுத்த பிறகு என்ரை இடத்துக்கு வந்த சோமாலியப் பிள்ளை. காவல் உடுப்பு அவளுக்கு நல்ல வடிவாயிருக்கும், எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எங்கடை கடைத்தொகுதிக்கு முன்னாலை கிடந்த சதுக்கத்தையும் நகரசபை அந்தக் கட்டிட முதலாளிமாருக்கே வித்துப்போட்டுதாம். இனி நோட்டீஸ் குடுக்கிற ஆக்களை எங்கை கொண்டுபோய் விடுறது எண்டு என்னட்டைக் கேக்கிறாள். முந்தி வாசல் மட்டும் கொண்டுபோய் விட்டால் வேலை முடிஞ்சுது. வாசலுக்கு வெளியாலையும் முதலாளியின்ரை நிலம் எண்டால், அடுத்த ஸ்டேசன் மட்டும் கூட்டிக்கொண்டு நடக்கவேண்டியதுதான் எண்டு சொல்லிச் சிரிச்சன். போனை வைச்ச பிறகு எனக்கு ரெஜினாவின்ரை நினைவு வந்திட்டுது. ஹோடானுக்கு அந்தக் கதையை நோர்வேஜிய மொழியிலை சொல்ல எனக்கு ஒருக்காலும் வராது. அதாலை இஞ்சை எழுதுறன்.

முதல் என்னைப் பற்றிச் சொல்லிப்போடவேணும், இல்லாட்டி நீங்கள் ஆரோ ஆறடி வீராங்கனை எண்டு நினைப்பியள். பேர் பிலோமினா. ஊர் ஊர்காவற்றுறை, வீடு ஒஸ்லோவிலை புருசெத் எண்ட பக்கம், மூண்டாம் மாடி. நோர்வேயின்ரை வடக்கிலை மீன் பக்ரறியிலை கொஞ்சக் காலம், பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அந்தக் கடைத்தொகுதியிலையே தரை துடைச்சனான். குனிஞ்சு குனிஞ்சு நாரி விட்டுப்போச்சு. நிண்டுகொண்டு செய்யிற வேலை ஏதும் பாருங்கோ எண்டு டொக்டர் சொல்ல, காவல் வேலைக்கு விண்ணப்பம் போட்டன். எடுப்பாங்கள் எண்டு நானே நம்பேல்லை. உடுப்பு ஆம்பிளையளின்ரை அளவிலைதான் வந்துது. காற்சட்டையை வீட்டிலை வெட்டித் தைச்சுக் கட்டையாக்கினன். ஜக்கெற்றுக்கு ஒண்டும் செய்யேலாது, அது முழங்காலை எட்டிப் பார்த்துக்கொண்டு நிண்டுது. முதல்நாள் மனுசன் என்னை மேலையும் கீழையும் பார்த்துப்போட்டு, "உனக்கு ஒரு கரைச்சலும் வராது, கள்ளன் சிரிச்சே விழுந்திடுவான்" எண்டார்.

வேலைக்கு முன்னம் சில கிழமை இருத்தி வைச்சுப் படிப்பிச்சவை. படிப்பின்ரை சாரம் இவ்வளவுதான்: நீ பொலிஸ் இல்லை, ஒருத்தரிலும் கையை வைக்காதை, மரியாதையாய்ச் சொல்லு, கேக்காட்டிப் பொலிசைக் கூப்பிடு. நடிச்சுப் பழகிற பாடத்திலை எனக்குக் குடிச்சிட்டு வாற வெறிகாரி வேசம் தந்தவை. எங்கடை ஒழுங்கையிலை பார்த்த ரெண்டு மூண்டு பேரை நினைச்சு நான் நடிக்க, வகுப்பே உருண்டு பிரண்டு சிரிச்சுது. பிறகு என்னைக் காவலாளி வேசத்துக்கு மாத்த அவைக்கு மனம் வரேல்லை. கடைசியிலை, ஒருத்தரை எப்பிடி வெளியிலை கொண்டுபோய் விடுறது எண்டு ஒருக்காலும் பழகாமலே சேர்ட்டிபிக்கற்றோடை வந்து நிண்டன்.

அதைத் தூரிட்டிட்டைத்தான் படிச்சன். தூரிட் எங்கடை காவலுக்குத் தலைவி, நெடுநெடு எண்டு வளந்த வடக்கு நோர்வேக்காரி. அந்தப் பக்கத்து ஆக்கள் ஓம் எண்டு சொல்ல வாயைத் திறக்கமாட்டினம், மூச்சைச் சரக்கெண்டு உள்ளுக்கு இழுப்பினம். அதுதான் ஓம். முதல் கிழமை மனுசிக்கு இழுப்பு வருத்தமாக்கும் எண்டு பயந்து, அவ ஓம் சொல்லச் சொல்ல நான் கதிரை எடுத்துப் போட்டனான். அவவும் ஒண்டும் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் இருந்து எழும்பினவ.

எங்கடை கட்டிடத்திலை நோட்டீஸ் குடுக்கிறது, பதாகை பிடிக்கிறது, உண்டியல் குலுக்கிறது, பிரசங்கம் வைக்கிறது ஒண்டும் கூடாது. தேர்தல் காலத்திலை கட்சிக்காரருக்கு மட்டும் கேட்டால் ஒரு மூலை குடுப்பினம். நாட்டிலை பேச்சுச் சுதந்திரம் இல்லையோ எண்டால், இருக்கு, அரசியலமைப்பிலையே எழுதிக் கிடக்கு. ஆனால் கதவுக்குள்ளை வந்தால் அது முதலாளியின்ரை தரை, அவர் வைச்ச ஒழுங்கு. வேண்டாம் எண்டால் எழும்பிப் போகவேணும். அதைச் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.

தூரிட் ஒருத்தரையும் போ எண்டு சொன்னதை நான் காணேல்லை. நோட்டீஸ்காரனுக்கு முன்னாலை போய் நிக்கமாட்டா, முன்னாலை நிண்டால் அது மறியல். பக்கத்திலை போய் நிப்பா. கை ரெண்டும் முதுகுக்குப் பின்னாலை, கமெராவுக்குத் தெரியத்தக்கதாய். பேரைச் சொல்லுவா. பிறகு, என்ன விசயம் எண்டு கேப்பா, உண்மையாய்க் கேப்பா. அந்த ஆள் சொல்லத் தொடங்க, இவ மெல்ல நடக்கத் தொடங்குவா. கேக்கிற ஆள் நடந்தால் சொல்லுற ஆளும் பின்னாலை நடக்கும்தானே. இப்பிடியே வாசல். உள்ளுக்கை பளபளக்கிற கல், வெளியாலை நகரசபையின்ரை சீமெந்துக் கல், ரெண்டும் சந்திக்கிற இடத்திலை ஒரு இரும்புப் பட்டி. இவ பட்டிக்கு இஞ்சாலை டக்கெண்டு நிப்பா, மற்ற ஆள் ஒரு அடி கூட வைச்சிருக்கும். "இதிலை நிண்டு விரும்பினதைச் சொல்லலாம்" எண்டு கை குடுத்திட்டு வருவா. கனபேருக்குத் தங்களை வெளியேத்தினது விளங்கவே கொஞ்ச நேரம் செல்லும்.

ஆனால் அதிலை நிண்டு ஆருக்குச் சொல்லுறது? ரயிலாலை இறங்கினால் படி ஏறி நேரே எங்கடை கட்டிடத்துக்குள்ளைதான் வரவேணும். மருந்துக்கடை, நூலகம், பல்லு டொக்டர், எங்கடை சனம் மீன் வாங்கிற கடை எல்லாம் உள்ளுக்கை. வெளியிலை சதுக்கம் எண்டு கிடந்ததிலை, மார்கழி தொடங்கினால் வழிச்சுக் கொட்டின பனி மலையாய்க் குவிஞ்சு கிடக்கும். அந்தப் பனிக்கும்பிக்குத்தான் பேச்சுச் சுதந்திரம். நானும் அதைப் பற்றி ஒருநாளும் யோசிச்சதில்லை. கதைச்சால் ஆபத்து, வாயைப் பொத்திக்கொண்டு இரு எண்டு கேட்டு வளந்த சாதி நாங்கள், விதி எண்டு ஒண்டு இருந்தால் நல்லதுதான் எண்டு நினைக்கிற ஆள் நான்.

இந்த நிலைமையிலைதான் ரெஜினா வந்தாள். மன்னார்ப் பிள்ளை, ரொம்சோசிலை இருக்கிறாள், எங்களோடை ஒரே மாதா கோயில் பூசைக்கு வாற ஆள். நான் விட்டுப்போன துடைப்பத்தை எடுத்தது அவள்தான். அந்த வருசம் கடைத்தொகுதி துப்புரவுக் கொம்பனியை மாத்திச்சுது. புதுக் கொம்பனி, எங்களிட்டை ஆக்கள் இருக்கினம் எண்டு சொல்லி இருந்த பொம்பிளையள் எல்லாரையும் வீட்டை அனுப்பிச்சுது. சங்கம் வழக்குப் போடுவம் எண்டுது, அது ஆமை நடை. ரெஜினா மகளைக் கொண்டு நோர்வேஜிய மொழியிலை ஒரு நோட்டீஸ் அடிச்சு, நகரும் படியடியிலை நிண்டு குடுக்கத் தொடங்கினாள். "இந்தத் தரையைத் துடைச்சது நான். இதிலை நிண்டு ஏன் என்னை வேலையாலை நிப்பாட்டினியள் எண்டு கேக்க எனக்கு உரிமையில்லையோ?" எண்டு எழுதியிருந்துது.

தூரிட் என்னைத்தான் அனுப்பினா. உங்கடை மொழியிலை கதைச்சால் சுகமாயிருக்கும் எண்டா. சுகமோ! நான் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்திலை நிண்டன். என்ன விசயம் எண்டு கேக்கவேணும், ஆனால் விசயம் எனக்கு முழுக்கத் தெரியும். வேறை ஒண்டும் வராமல், "சாப்பிட்டனீரோ?" எண்டு கேட்டன். அதிலை தொடங்கி மகளின்ரை படிப்பு, அவளின்ரை தோள்மூட்டு நோ, என்ரை நாரி எல்லாம் கதைச்சு வாசலுக்கு வந்து சேந்தம். தூரிட் அங்கை கை குடுத்துத் திரும்புவா. எங்கடை ஆக்கள் வாசலிலைதானே உண்மையான கதையைத் தொடங்கிறது. அவள் வெளியாலை, நான் உள்ளாலை, தானியங்கிக் கதவு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துப் பார்த்துத் திறந்து மூடிக்கொண்டிருக்க, பூக்கடைக்காரி குளிருது எண்டு வந்து கத்தும் மட்டும் கதைச்சம்.

அடுத்தநாளும் வந்தாள். அதுக்கடுத்தநாளும் வந்தாள். ஒவ்வொரு நாளும் நான் கொண்டுபோய் விட, அவள் ஒரு கோபமுமில்லாமல் வந்து நிப்பாள். மேல்மாடிக் கண்ணாடிக்குள்ளாலை இதைக் கடைத்தொகுதி மனேச்சர் பார்த்துப்போட்டார். கடுங்குளிரிலும் சப்பாத்துக்குச் சொக்ஸ் போடாத இளந்தாரி, அவரைப் பார்த்தால் எனக்குத்தான் கால் குளிரும். அவர் ரெஜினாவை அறைக்குக் கூப்பிட்டு, பனிக்காலம் முடியும் மட்டும் கட்டிடத்துக்குள்ளை கால் வைக்கப்படாது எண்டு தடை போட்டார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். எழுதத்தான் அவளுக்கு மகள் வேணும், ரெஜினா என்னைவிட நல்லாய் நோர்வேஜிய மொழி கதைப்பாள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. பாவம், ஒரே அடியை அவள் ரெண்டு பாசையிலை வாங்கினாள்.

கேட்டு முடிச்சிட்டு அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். தோள்மூட்டுக்குக் கிழமைக்கொருக்கால் பிசியோ வைத்தியத்துக்குப் போறவள், அந்த இடம் எங்கடை ரெண்டாம் மாடியிலை. அதுக்கு எதாலை போறது?

மனேச்சர் தூரிட்டைப் பார்த்தார். தூரிட் நடந்து பார்ப்பம் எண்டா. வாயாலை சொல்லி முடிக்கிற ஆள் இல்லை அவ. ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நாங்கள் ரெண்டு பேரும் வெளியிலை வந்து, முதலாளியின்ரை நிலத்திலை ஒரு அடியும் வைக்காமல் ரெண்டாம் மாடிக்குப் போகேலுமோ எண்டு கட்டிடத்தைச் சுத்தினம். பனிக்கும்பிக்குப் பின்னாலை போனால் கார் தரிப்பிடத்துச் சரிவு, அது முதலாளியின்ரை. லொறி சாமான் இறக்கிற வாசல், அதுவும் அவரின்ரை. அந்தச் சரிவிலை ஐஸ் பிடிச்சிருந்ததை என்ரை சப்பாத்துத்தான் முதல் கண்டுபிடிச்சுது. நான் இருந்த இருப்பிலை கீழை மட்டும் வழுக்கிக்கொண்டு போனன், நீள ஜக்கெற்று நல்ல சறுக்குப் பலகை. தூரிட் சிரிக்கேல்லை. மேலை நிண்டு, அடி பட்டுதோ எண்டு கேட்டா. ஓம் எண்டு சொல்ல எனக்கு மூச்சு உள்ளுக்குத்தான் போச்சுது. ஓமெண்டதாய் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து தூக்கினா.

வழி இல்லை எண்டு போய்ச் சொன்னம். மனேச்சர் யோசிச்சார். அப்ப பிசியோ நாளிலை ஒரு காவலாளி ரயில் வாசலிலை இருந்து கூட்டிக்கொண்டு போய், திருப்பிக் கொண்டுவந்து விடட்டும் எண்டார். நியாயமான ஏற்பாடு எண்டு எல்லாரும் தலையாட்டினம். நானும் ஆட்டினன். ஆட்டினதுக்கு நல்லாய் வேண்டிக்கட்டினன்.

முதல்முறை கூட்டிக்கொண்டு உள்ளுக்கை ரெண்டு கடை தாண்டமுந்தியே எனக்கு விளங்கிப்போச்சு. கடைத்தொகுதியிலை காவலாளியோடை ஒரு பொம்பிளை நடந்து போனால் அதுக்கு ஒரு கருத்துத்தான்: கள்ளி, பிடிபட்டிட்டாள். ரெஜினா சால்வையை நெத்தி மட்டும் இழுத்துவிட்டாள். கைப்பையை வயித்தோடை இறுக்கிப் பிடிச்சாள், அது இன்னும் கள்ளிமாதிரியே இருந்துது. வேலை போனால் வேறை வேலை தேடலாம், கள்ளி எண்ட பேர் வந்தால் மகளுக்குமெல்லோ ஒட்டும். நான் பக்கத்திலை நடக்கிறதுதான் அவளுக்கு அவமானம், விட்டிட்டுப் போகவும் எனக்குக் கட்டளை இல்லை.

மீன்கடையடியிலை ரீற்றா மாமி நிண்டா. பூசை முடிஞ்சு சாமியார் உடுப்பு மாத்தமுந்தி ஊர்ச்செய்தி முழுக்க அவவிட்டை வந்திடும். ரெஜினாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு அந்தக் கைப்பையைப் பார்த்தா. ஐயோ, அந்தப் பார்வை! எனக்குள்ளை என்ன நடந்ததோ தெரியாது.

"களவில்லை மாமி, நோட்டீஸ்!" எண்டு கத்திப்போட்டன்.

மீன் வாங்கின அவ்வளவு பேரும் திரும்பிச்சினம். மாமி விடுவாவோ? என்ன நோட்டீஸ் எண்டு கேட்டா. நான் சொன்னன். ஏன் குடுத்தவள் எண்டா. சொன்னன். இவ்வளவு காலம் துடைச்ச பிள்ளையைப் புதுக் கொம்பனி நிப்பாட்டினதையும், தடை போட்டதையும், பிசியோவையும் ஒண்டும் விடாமல் சொன்னன். பக்கத்திலை நிண்ட நோர்வேக்காரக் கிழவனும் கிழவியும் என்ன சங்கதி எண்டு கேக்க, அதையே நோர்வேஜிய மொழியிலையும் சொன்னன். அவளின்ரை மானத்தைக் காப்பாத்திற அவசரத்திலை நான் என்ன செய்துகொண்டு நிக்கிறன் எண்டு எனக்கு விளங்கேல்லை. ரெஜினாவுக்கு விளங்கிட்டுது. சால்வையைப் பின்னாலை தள்ளிவிட்டிட்டு என்ரை காதுக்குள்ளை சொன்னாள்:

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அக்கா. அந்தப் பக்கம் நிக்கிறவைக்குக் கேக்கேல்லை."

நோட்டீஸ் குடுத்த நாள் முழுக்க அவளிட்டை வாங்கின சனம் கொஞ்சம், வாங்கினதைக் குப்பை வாளியிலை போட்டது மிச்சம். இப்ப கையிலை ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை, சனம் தானாய் வந்து என்ன எண்டு கேக்குது. பிறகு ஒவ்வொரு பிசியோ நாளும் எங்கடை ஊர்க் கோயில் திருநாளிலை மாதா சுரூபம் சுத்திவாற மாதிரித்தான். சுரூபம் அவள், கூட்டைத் தோளிலை தூக்கிற ஆள் நான். கோப்பிக்கடையடியிலை ஒரு தரிப்பு, நூலக வாசலிலை ஒரு தரிப்பு. கணினி வேலைக்கு வந்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருத்தர், "என்ன மேடம், ஏதாவது ப்ராப்ளமா?" எண்டு பயந்து பயந்து வந்தார். சொன்னன். "நோட்டீஸ் இருந்தா குடுங்க, எங்க பில்டிங் குரூப்ல போடறேன்" எண்டார். நோட்டீஸ் குடுக்கிறது விதிக்கு மாறு தம்பி எண்டு நான் கடுமையாய்ச் சொல்லிப்போட்டு, அதிலை என்ன எழுதியிருந்தது எண்டு வரி வரியாய்ச் சொன்னன். அவர் போனிலை தட்டிக்கொண்டு போனார்.

மனேச்சருக்கு விசயம் போகாமல் இருக்குமோ. கடைக்குக் கடை துப்புரவுப் பொம்பிளையளின்ரை கதையாய்க் கிடக்காம், ஆக்கள் மின்னஞ்சல் போடுகினமாம், ஆர் உள்ளுக்கை பிரசாரம் செய்யிறது எண்டு என்னையும் தூரிட்டையும் கூப்பிட்டார். பென்சனுக்கு இன்னும் கொஞ்சக் காலம் கிடந்துது. ஒப்பேறவேண்டிய நேரத்திலை வாயாலை கெட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டன்.

தூரிட் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு, "வாடிக்கையாளர் கேட்டால் மரியாதையாய் முழு விளக்கம் குடுக்கவேணும் எண்டது எங்கடை விதி" எண்டா. "பிலோமினா விதிப்படிதான் நடந்திருக்கிறா."

மனேச்சர் என்னைப் பார்த்தார். அது உண்மையோ எண்டு கேட்டார். மூச்சைச் சரக்கெண்டு உள்ளுக்கு இழுத்தன்.

அடுத்த நாளே தடையை எடுத்திட்டார். சுரூபம் சுத்திறதை நிப்பாட்ட அவருக்கு வேறை வழி இருக்கேல்லை. புதுக் கொம்பனியும், கதை ஊரெல்லாம் போனதாலையோ என்னவோ, மற்றப் பொம்பிளையளைத் திருப்பி எடுத்துது. நீங்களும் இதிலை குறுக்கிட்டு, அப்ப ரெஜினா எண்டு கேப்பியள். ரெஜினாவை எடுக்கேல்லை. கடைசி மட்டும் எடுக்கேல்லை. இப்ப ஸ்டோவ்னரிலை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையிலை நிக்கிறாள், பிழையில்லை, ஆனால் அவள் கேட்டது இந்த வேலையை.

தடை எடுபட்ட கிழமை பிசியோவுக்கு வந்தவளை ரயில் வாசலிலை கண்டன். இனி நான் வரத்தேவையில்லை, நீர் தனியப் போகலாம் எண்டு பெரிய சந்தோசமாய்ச் சொன்னன். அவளுக்கு முகம் மலரேல்லை.

"மற்ற எல்லாரையும் எடுத்திட்டினம் அக்கா. என்னை மட்டும் வேண்டாமாம். வாய்க்காரியாம்."

சொல்லிப்போட்டு வாசலிலையே நிண்டாள்.

"நான் தனியப் போனால் பிசியோவுக்குப் போற ஒரு பொம்பிளை," எண்டாள். "நீங்கள் வந்தால்தான் சனம் நிக்கும். இண்டைக்கும் வாங்கோ அக்கா."

இண்டைக்குக் கட்டளை இல்லை. களவு எண்டு நினைப்பினம் எண்ட சாட்டும் இனி இல்லை. தூரிட் மேல்மாடியிலை கைபிடிக் கம்பியடியிலை நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டா, ஓம் எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. சரி, ஜக்கெற்றைக் கழட்டி வைச்சிட்டு வாறன் எண்டன்.

"கழட்டாதேங்கோ. அதில்லாட்டி உங்களை ஆர் பார்க்கப்போகினம்?"

உண்மைதான். அதில்லாட்டி நான் மீன் வாங்க வந்த ஒரு கட்டை மனுசி. ஜக்கெற்றின்ரை சிப்பைக் கழுத்து மட்டும் இழுத்துப் பூட்டிக்கொண்டு அவளோடை நடந்தன். நகரும் படியடியிலை ரெண்டு நோர்வேக்காரப் பொம்பிளையள் எங்களைப் பார்த்து நிண்டினம். ஒண்டும் கேக்கேல்லை, சும்மா பார்த்தினம். ரெஜினாவும் வாய் திறக்கேல்லை. என்ரை வாழ்க்கையிலை ஒருத்தரும் கேளாமல், ஒருத்தரும் சொல்லாமல், சனத்துக்கு நடுவிலை நிண்டு நான் சத்தம் போட்டுக் கதைச்சது அண்டைக்குத்தான்.

"இவவின்ரை பேர் ரெஜினா," எண்டன். "நீங்கள் நிக்கிற தரையைத் துடைச்சவ. ஏன் நிப்பாட்டினியள் எண்டு கேட்டதுக்காக இவவுக்கு மட்டும் வேலை இல்லையாம்."

நோர்வேஜிய மொழி பிழையாய்த்தான் வந்துது. இன்னும் கொஞ்சச் சனம் வந்து நிண்டுது. பிந்தி வந்தவைக்காகத் திரும்ப முதலிலை இருந்து சொன்னன்.